காணொளிச் சானல் நடத்தும் விவசாயிகளுக்குச் சில யோசனைகள்

2016-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஜியோ கம்பெனி தொழில் தொடங்கியபின் இந்தியாவில் கைப்பேசி இணையத்தின் விலை வெகுவாய் இறங்கிற்று. அதுவரை பெரும்பாலும் பட்டணவாசிகளுக்கே உரியதாயிருந்த யூடியூப் காணொளிகள் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தன. பயிரில் புதிய பூச்சியொன்றைக் கண்டால் அண்டை வயற்காரரைக் கேட்பதோடு நில்லாமல், கைப்பேசியிலும் தேடிப் பார்ப்பது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. இவ்வாறு பார்த்துவந்தவர்களிற் பலர் தாங்களே படமெடுத்து வெளியிடுகிறவர்களாகவும் மாறியிருக்கின்றனர். தம் நிலத்திற் கண்ட அனுபவத்தைப் பிறர் அறியச் செய்யும் இம்முயற்சி பாராட்டத்தக்கது.

ஆயினும், இதில் இறங்கிய சிறு விவசாயிகள் சொல்லும் குறை ஒன்று உண்டு. ஒரு படத்தை லட்சம் பேர் பார்க்கிறார்கள். அதே சிரத்தையுடன் எடுத்த அடுத்த படத்தை முந்நூறு பேர்கூடப் பார்ப்பதில்லை. இதன் காரணம் அவர்களுக்கு விளங்குவதில்லை. முதற் படத்தின் பெருக்கை நம்பி ஒருவர் நகையை அடகு வைத்து விலையுயர்ந்த காமிரா வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆறு மாதமும் பார்ப்பவர் இல்லாவிடில் வட்டி மட்டும் மிஞ்சும். களையெடுக்க வேண்டிய நாட்களும் வீணாய்ப் போயிருக்கும். இத்தகைய நஷ்டம் நேராமல், கிடைக்கக்கூடிய அனுகூலத்தை அடைவது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிந்துரை முறை இயங்கும் விதம்

யூடியூப் 2005-ம் வருஷம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, 2006-ல் கூகுள் கம்பெனியின் வசமாயிற்று. ஒருவர் அதைத் திறந்தவுடன் அவர் கண்முன் நிற்கும் படங்களை மனிதர் எவரும் பொறுக்கி வைப்பதில்லை. அல்காரிதம் எனப்படும் கணக்கு முறையைக் கொண்டு யந்திரமே அவற்றை வைக்கிறது. ஜனங்கள் யூடியூபில் செலவிடும் நேரத்தில் 100-க்கு 70 பாகத்திற்கு மேல், இவ்வாறு பரிந்துரைக்கப்பட்ட படங்களிலேயே செல்கிறதென்று அக்கம்பெனியின் உயர் அதிகாரியான நீல் மோகன் 2018-ம் வருஷம் ஜனவரியில் தெரிவித்தார்.

கூகுள் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் இம்முறை இரண்டு படிகளாய் விவரிக்கப்பட்டது. ஒருவர் முன்பு பார்த்தவற்றைக் கொண்டு, பல லட்சம் படங்களிலிருந்து அவருக்குப் பிடிக்கக்கூடிய சில நூறு படங்களைச் சலித்தெடுப்பது முதற் படி. அவற்றுள் எதை அவர் அதிக நேரம் பார்ப்பார் என்று கணித்து வரிசைப்படுத்துவது இரண்டாவது படி. நெல்லைத் தூற்றிப் பதர் நீக்கியபின் ரகம் பிரித்து அடுக்குவதற்கு இதை ஒப்பிடலாம்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாதெனின், யந்திரம் நமது படத்தைக் கையிலெடுத்துக்கொண்டு ஆட்களைத் தேடிப் போவதில்லை. ஒவ்வோர் ஆளுக்கும் ஏற்ற படத்தையே தேடுகிறது. நமது படம் நல்லதேயாயினும், அவ்வேளையில் அவருக்கு அதனினும் ஏற்றதாய் மற்றொன்று கிடைத்தால் நம்முடையது பின்னே தள்ளப்படும். பருவம் மாறினாலும், கோயில் திருவிழா அல்லது தேர்தல் வந்தாலும், பார்ப்பவரின் நாட்டம் வேறு திசையிற் செல்லும்.

விதிகளும் நிலையாய் இருப்பதில்லை. முன்பு எத்தனை தடவை படம் திறக்கப்பட்டது என்பதே பிரதான அளவாயிருந்தது. 2012-ல் எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பது அளவாயிற்று. பார்த்தவர் திருப்தியடைந்தாரா என்று கேட்டறிவதும் பிற்பாடு சேர்ந்தது. ஷார்ட்ஸ் எனப்படும் குறும்படங்கள் 2020 செப்டம்பரில் முதன்முதலாய் இந்தியாவில் பரீட்சிக்கப்பட்டன. அவற்றிற்குத் தனி வரிசையும் தனிக் கணக்கும் ஏற்பட்டன. ஆகவே, இப்பரிந்துரையை வானத்து மழையைப்போற் பாவிப்பதே விவேகம். மழை பெய்தால் அனுபவிக்கலாம். பெய்யுமென்று நம்பிக் கடன் வாங்கலாகாது.

வருமானக் கணக்கு

விளம்பர வருமானத்திற் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருத்தலும் வேண்டுமென்ற நிபந்தனை 2018-ல் ஏற்பட்டது. குறும்படங்களை வெளியிடுவோர் 4,000 மணிக்குப் பதிலாக 90 நாட்களில் ஒரு கோடி பார்வைகளைக் காட்டலாம். குறும்பட வரிசையிற் பார்க்கப்பட்ட நேரம் 4,000 மணிக் கணக்கிற் சேராது. நிபந்தனை நிறைவேறிய சானலுக்கு, நீண்ட படங்களில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் கிடைக்கும். 100 டாலர் சேரும்வரையில் பணம் அனுப்பப்படுவதில்லை.

4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். ஒருவர் ஒரு படத்தைச் சராசரி 4 நிமிஷம் பார்ப்பதாய்க் கொண்டால், வருஷத்தில் 60,000 பார்வைகள் வேண்டும். மாதம் இரண்டு படம் வெளியிடுபவருக்கு, 24 படங்களுக்குத் தலா 2,500 பார்வைகள் ஆகின்றன. வாரம் ஒரு படம் வெளியிட்டால் தலா ஏறக்குறைய 1,150 போதும். சிலருக்கு இது முதல் வருஷத்திலேயே கூடலாம். பலருக்குப் பல வருஷம் பிடிக்கலாம். இத்தனையும் செய்தபின் கிடைப்பது பங்கு பெறும் உரிமையேயன்றிப் பெருந்தொகையன்று என்பதை மறத்தலாகாது.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். படத்தின் முகப்பு கண்முன் வைக்கப்பட்டபோது எத்தனை பேர் அதைத் திறக்கின்றனர் என்ற விகிதம், சரிபாதிச் சானல்களிலும் படங்களிலும் 100-க்கு 2 முதல் 10 வரையிலேயே இருப்பதாக யூடியூப் தன் உதவிக் குறிப்பிற் கூறுகிறது. ஒரு படம் 10,000 தடவை முன்வைக்கப்பட்டு, 100-க்கு 4 பேர் திறந்தால் பார்வை 400. அவர்கள் 3 நிமிஷம் பார்த்தால் 20 மணி நேரம். 4 நிமிஷம் பார்த்தால் 26 மணி 40 நிமிஷம். முன்வைப்பது யந்திரத்தின் கையில் உள்ளது. திறக்கத் தூண்டும் உண்மையான தலைப்பும், கடைசிவரையில் இருத்தி வைக்கும் விஷயமும் நம் கையில் உள்ளவை. நம் கையில் உள்ளதிற் சிரமப்படுவதே பலன் தரும்.

புதுக்கோட்டை ஜில்லா உதாரணம்

புதுக்கோட்டை ஜில்லா சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பி என்னும் முதியவரும் அவருடைய பேரன்மாரும் 2018-ல் வில்லேஜ் குக்கிங் சானலைத் தொடங்கினர். பெரியதம்பி முன்பே சமையல் தொழிலில் தேர்ந்தவர். திறந்த வெளியில், பெரிய பாத்திரங்களில், ஊரார் உண்ணும் அளவிற்குச் சமைத்துக் காட்டுவதே அவர்கள் வழி. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களுடன் காளான் பிரியாணி சமைத்த படம் வெளியாயிற்று. அவ்வருஷமே தமிழ்ச் சானல்களில் முதலாவதாக ஒரு கோடி சந்தாதாரர்களை அது அடைந்தது. அப்போது முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்ச ரூபாய் அளித்தனர்.

இவ்வுதாரணத்திலிருந்து கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் உண்டு. தமக்குக் கைவந்த தொழிலையே காட்டியதும், தங்கள் ஊரையும் பேச்சையும் மாற்றாமல் வைத்துக்கொண்டதும், ஒரே முறையை வருஷக்கணக்கில் விடாது நடத்தியதும் கொள்ளத்தக்கவை. ஆனால் ஒரு கோடியை எட்டியவரின் பெயர் நமக்குத் தெரியும்; தொடங்கி நின்றுபோனவர்களின் பெயர் தெரியாது. ஒரு வயலின் அபூர்வ விளைச்சலை வைத்து ஜில்லா முழுவதற்கும் மகசூல் மதிப்பிடுவார் உண்டோ? நமது வரவு செலவை அவ்விதம் மதிப்பிடுவதும் தகாது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. ஒரு பயிரையேனும் ஒரு தொழிலையேனும் பற்றி நிற்க வேண்டும். இன்று நெல், நாளை சினிமாச் செய்தி, மறுநாள் ஊர்த் திருவிழா என்று வெளியிட்டால், யாருக்கு ஏற்ற சானல் இது என்று யந்திரத்திற்கும் விளங்காது, மனிதருக்கும் விளங்காது. அகல உழுவதினும் ஆழ உழுவது மேல்.

2. படம் பருவத்திற்கு முன்னே வெளிவர வேண்டும். மேட்டூர் அணை திறக்க வழக்கமாய்க் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. குறுவை விதையைப் பற்றிய படம் மே மாத நடுவிலேயே வெளியானால்தான் தேடுவோருக்குப் பயன்படும். நாற்று விட்டபின் வரும் படத்தை அவ்வருஷத்தில் யாரும் வேண்டார்.

3. தலைப்பில், விவசாயி தேடும் சொல்லையே வைக்க வேண்டும். பரிந்துரையால் வரும் கூட்டம் திடீரெனப் பெருகித் திடீரென வற்றும். தேடி வருபவரோ ஒவ்வொரு பட்டத்திலும் வருவார். ‘குறுவை நெல் விதை: உப்புக் கரைசலிற் பதர் நீக்கும் முறை’ என்பது நல்ல தலைப்பு. ‘இந்த ரகசியம் தெரிந்தால் அசந்துபோவீர்கள்’ என்பதை எவரும் தேடமாட்டார்.

4. சொல்ல வந்ததை முதல் அரை நிமிஷத்திலேயே காட்டிவிட வேண்டும். மேற்கண்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். நீண்ட வணக்கமும் முன்னுரையும் வேண்டா. தண்ணீரில் முட்டை அமிழ்ந்து கிடப்பதையும், உப்பைக் கரைக்கக் கரைக்க அது எழும்பி, நாலணா அளவு மேலே தெரிய மிதப்பதையும் முதலிற் காட்டலாம். பின் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கிய விதையை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுவதைக் காட்டலாம். நான்கு நிமிஷத்தில் விஷயம் முழுவதும் அடங்கிவிடும்.

5. நாள், ஊர், மண், ரகம், பட்டம் ஆகியவற்றைப் படத்திலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்க் களிமண்ணில் 2022-ல் எடுத்த படத்தைச் சில வருஷம் கழித்துத் தருமபுரிச் செம்மண் விவசாயியின் முன் யந்திரம் வைக்கக்கூடும். விவரம் சொல்லாவிடில் அவர் தம் நிலத்துக்கும் அதுவே பொருந்துமென்று எண்ணி நஷ்டமடைவார்.

6. படம் சற்று மங்கலாயிருப்பினும் பொறுப்பர். பேச்சுக் கேளாவிடில் பொறுக்கமாட்டார். வயற்காற்றின் இரைச்சல் பெரிய இடையூறு. சட்டையிற் செருகும் சிறு மைக் ஒன்றும், கைப்பேசியை அசையாமல் நிறுத்தும் தாங்கி ஒன்றும் முதல் வருஷத்திற்குப் போதும். சானலிலிருந்தே வருமானம் வரும்வரையில் இதற்கு மேற் செலவு செய்ய வேண்டாம்.

7. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு படத்திற்கும் வெளியிட்ட நாள், விஷயம், முன்வைக்கப்பட்ட தடவை, திறந்தோர் விகிதம், சராசரி பார்த்த நேரம், தேடி வந்தோர் எத்தனை, பரிந்துரையால் வந்தோர் எத்தனை என்பவற்றைக் குறித்து வர வேண்டும். இவையெல்லாம் யூடியூப் ஸ்டுடியோவில் உரியவருக்கு இனாமாய்க் கிடைக்கின்றன. ஒரு படத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது. பத்துப் படங்களையாவது ஒப்பிட வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க வேண்டும். உரத்தையும் ரகத்தையும் தண்ணீரையும் ஒருங்கே மாற்றினால், மகசூல் எதனாற் கூடிற்று என்று தெரியாதல்லவா?

தகாத வழிகள்

கூட்டம் குறைந்தபோது மனம் தளர்ந்து தகாத வழியில் இறங்குவது மனித இயல்பு. ஆனால் விவசாயப் படத்திற் பொய் சொல்வதனால் வரும் கேடு பிறர் வயலில் விளைகிறது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் மக்காச்சோளத்தைத் தாக்கத் தொடங்கிற்று. அத்தகைய வேளையிற் கலங்கி நிற்கும் விவசாயி, ‘ஒரே நாளிற் புழு ஒழியும்’ என்ற தலைப்பைக் கண்டால் யோசியாமல் நம்பிவிடுவார். சிபார்சு செய்யப்படாத மருந்துக் கலவையையும், மிதமிஞ்சிய அளவையும் சொல்லுகிற படம் எத்தனை ஏக்கரைப் பாழாக்கும் என்பதற்கு அளவில்லை. மருந்தின் பெயரும் அளவும் சொல்லுமுன், சீசாவின் மேலுள்ள குறிப்பையும் வேளாண்மை அலுவலரின் யோசனையையும் ஒத்துப் பார்த்தல் கட்டாயம். நிச்சயமாய்த் தெரியாததைச் சொல்லாமல் விடுவதிற் குறைவு ஒன்றுமில்லை.

கம்பெனிகளிடம் பணமோ சரக்கோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால், அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாய்ச் சொல்ல வேண்டுமென்று மத்திய அரசாங்கம் 2023 ஜனவரியில் வழிகாட்டியொன்றை வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்திற்கு 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளைப் புகழ்ந்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை செல்லும்.

சந்தாதாரர்களை விலைக்கு வாங்கித் தருவதாய்ச் சொல்பவரை நம்பலாகாது. அவ்வெண்ணிக்கை நீக்கப்படுவதோடு சானலுக்கும் ஆபத்து. அனுமதியின்றிச் சினிமாப் பாட்டைச் சேர்த்தலும் கூடாது. 90 நாட்களுக்குள் மூன்று தடவை காப்புரிமைக் குற்றம் பதிவானால் சானல் எடுபட்டுவிடும். விளம்பரம் தருவதாய்க் கடிதம் அனுப்பிக் கடவுச்சொல்லைக் கவருவோரும் உண்டாகையால், இரட்டைச் சரிபார்ப்பு முறையை முதல் நாளே அமைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக் கிணறு

2020-ம் வருஷம் ஜூன் 29-ல் இந்திய அரசாங்கம் டிக்டாக்கைத் தடைசெய்தது. அதையே நம்பியிருந்தவர்கள் பல மாதங்களாய்ச் சேர்த்த கூட்டம் முழுவதையும் ஒரே நாளில் இழந்தனர். அவரவர் உழைப்பில் குறை ஒன்றுமில்லை, நிலம் பிறருடையதாயிருந்தது. யூடியூபிலும் நாம் குத்தகைக்காரரே. ஆதலால் மழையை நோக்கியிருக்கும் மானாவாரி நிலத்திற் கிணறு வெட்டுவதைப்போல, யந்திரத்தின் தயவின்றி நம்மிடம் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழிகள் எளியவை. நம் வட்டாரத்து விவசாயிகளைக் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்றை அமைத்து, ஒவ்வொரு படத்தையும் அதில் அனுப்பலாம். படத்தின் கீழ்க் கேள்வி எழுதுகிறவருக்குத் தவறாமல் மறுமொழி எழுதி, ஒரே கேள்வியைப் பலர் கேட்டால் அதையே அடுத்த படமாய் எடுக்கலாம். விதை நெல், நாற்று, வெல்லம், கன்றுகள் முதலியவற்றை விற்பவர், உற்பத்தியாகும் விதத்தை நேர்மையாய்க் காட்டினால், விளம்பரப் பணம் வராவிடினும் வாங்குபவர் வருவார்.

எண்ணிக்கை சிறிதாயிருப்பினும் பலன் பெரிதாகும் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2006-ல் பெங்களூர் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய டிஜிட்டல் கிரீன் என்னும் திட்டத்தில், கர்நாடகத்துக் கிராமங்களில் அவ்வூர் விவசாயிகளையே படமெடுத்து, அவ்வூரிலேயே சிறு கூட்டங்களுக்குக் காட்டினர். காட்டுபவர் நடுவிற் படத்தை நிறுத்திக் கேள்வி கேட்பார், சந்தேகம் தீர்ப்பார். தம்மைப் போன்றவர் செய்ததைக் கண்டு அம்முறையைக் கைக்கொள்ள விவசாயிகள் முன்வந்தனர். அங்கே பரிந்துரை யந்திரத்திற்கு வேலையே இல்லை.

முந்நூறு பார்வை என்று மனம் வருந்துபவர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஊர்ச் சாவடியில் முந்நூறு விவசாயிகள் கூடினால் அதைப் பெருங்கூட்டம் என்போம். அவர்களிற் முப்பது பேர் விதையை உப்புக் கரைசலில் இட்டுத் தேர்ந்தெடுத்தால், எங்கேயோ வேடிக்கையாய்ப் பார்த்து மறந்த லட்சம் பேரைவிட அம்முப்பது பேரே அந்தப் படத்தின் மகசூல்.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியவை

கிராம நிர்வாக அலுவலர்களும், ஊராட்சித் தலைவர்களும், உதவி வேளாண்மை அலுவலர்களும் தங்கள் எல்லையிற் சானல் நடத்தும் விவசாயிகளை அறிந்துவைத்தல் நலம். பட்டம் தொடங்குமுன் அவர்களுக்குச் சரியான விவரங்களைத் தந்தால், அலுவலகப் பலகையில் ஒட்டும் அறிவிப்பைக் காட்டிலும் விரைவில் அது பரவும். அரசாங்க மானியம் கிடைக்குமென்று பொய்ப் படம் சுற்றினால், அதே சானல்கள் மூலம் மறுப்பு வெளியிடலாம். தாங்கள் பார்த்ததைச் சரிபார்க்க விரும்பும் விவசாயிகளுக்கு உழவன் செயலியையும், 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணையும் எடுத்துச் சொல்லலாம். கிராம சபை கூடும் நாளில் நல்ல படமொன்றைத் திரையிட்டு, எடுத்தவரையே விளக்கச் சொல்வது அவருக்கும் ஊருக்கும் நன்மை தரும்.

முடிவுரை

காணொளிச் சானல் விவசாயத்திற்குத் துணைத்தொழிலாய் நிற்கத்தக்கது; அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளத்தக்கதன்று. யந்திரம் இன்று தூக்கி வைக்கும். நாளை இறக்கி வைக்கும். அதற்குக் காரணம் தேடி இரவெல்லாம் கண் விழிப்பதிற் பயனில்லை. தெரிந்ததைச் சொல்லி, பருவத்திற் சொல்லி, உண்மையாய்ச் சொல்லி, செலவைச் சுருக்கி, கணக்கு எழுதி வருகிறவருக்கு மழை தவறினாலும் கிணற்றில் தண்ணீர் இருக்கும். வரும் பட்டத்தில் படம் எடுக்க எண்ணும் அன்பர்கள், காமிராவின் விலையை விசாரிக்குமுன், தம் வயலில் பிறருக்குச் சொல்லத் தகுந்தது யாது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பார்களாக.